சிவப்பு மூலைகள்

காலை பத்து நாற்பது. பதிவு அறையின் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. நான் முதலில் பார்த்தது, கண்ணாடித் தடுப்பின் அடியிலிருந்த சந்து வழியாக என் பக்கம் தள்ளப்பட்ட ஒரு வெள்ளை அட்டையை. உள்ளங்கை அகலம். நான்கு மூலைகளும் வெள்ளை. என் பெயர், வயது, ஐந்து இலக்க எண், எல்லாம் புள்ளி புள்ளியாக அச்சான ஆங்கிலப் பெரிய எழுத்தில்.

"இது என்னுதா?" என்று கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். வந்தது இருமல்தான்.

"உங்களுதுதான் சார். பழைய அட்டையெல்லாம் எடுத்தாச்சு. இனிமே இந்த நம்பர் சொன்னாப் போதும்" என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண். பெயர் புவனா. தட்டச்சில் ஹையர் முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அவளுக்குப் பக்கத்தில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் நின்றன. திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஏ.சி. போட்ட அறை என்பதால் செருப்போடு போகக் கூடாது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன.

அந்த அட்டையில் ஏதோ குறைகிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. வலது விலாவுக்குள் யாரோ கத்தியை வைத்துவிட்டு எடுக்க மறந்ததுபோல், ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. என் மனைவி வசந்தா என் அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் அந்த மருத்துவமனைக்கு வர கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அட்டையில் என்ன குறைந்தது என்பதைப் படிப்பவர் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலில் ஆணி குத்திச் சீழ் பிடித்த புண்ணுக்கு இதே மருத்துவமனையில் எனக்குப் பெனிசிலின் போட்டார்கள். ஐந்தாவது நிமிடம் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தேன். மூன்று நாள் படுக்கை. பெனிசிலின் பெரும்பாலானவர்களுக்கு உயிர் காக்கும் மருந்து. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் இறுகும், ரத்த அழுத்தம் சரியும். இதைத்தான் ஒவ்வாமை என்கிறார்கள். ஒரு முறை பிழைத்தவர் அடுத்த முறையும் பிழைப்பார் என்று யாரும் உறுதி சொல்வதில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்த வார்டின் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் என் அட்டையின் வலது மேல் மூலையில் ஒரு துண்டுச் சிவப்புத் துணியைப் பசை தடவி ஒட்டினார். "இது இருக்கிற வரைக்கும் அந்த ஊசி உங்க கிட்டவே வராது சார்" என்றார். அந்த மருத்துவமனையின் வழக்கம் அது. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிவப்பு மூலை, கர்ப்பிணிகளுக்குப் பச்சை மூலை. வார்டின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். எழுத்தில் எதுவும் இருக்காது. எங்கள் ஊசியால் இவர் சாகப் பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த டாக்டருக்கு மனம் வரும்? எழுதினால் கேள்வி வரும், ஒட்டினால் வராது. என் அட்டையில் எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: பெனிசிலின் ஊசி கொடுக்கப்பட்டது. உள்நோயாளி, மூன்று நாள்.

அது தொழிலாளர்களின் கூட்டுறவு மருத்துவமனை. அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் மாதச் சம்பளத்தில் சந்தா கட்டி நடத்தியது. வசந்தா அங்கே ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தாள். அவள் சந்தாவில்தான் எனக்கும் அட்டை. நிர்வாகக் குழுவில் இரண்டு சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் பின்னால் ஒரு கட்சி. ஒன்றுக்குத் தலைவர் தேசிங்கு, இன்னொன்றுக்குச் சம்பந்தம். தண்ணீர்த் தொட்டியை எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் தொடங்கி எதிலும் இவர்கள் ஒத்துப்போனதில்லை. பிரசவ வார்டின் திறப்புக் கல்லில் யார் பெயர் முதலில் என்ற தகராறில் அந்தக் கல் இன்றுவரை மொட்டையாகவே நிற்கிறது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். சில வருடங்களுக்கு முன், கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று இதே இரண்டு சங்கங்களும் தனித்தனியாக ஊர்வலம் போனவைதான். ஆனால் காய்ச்சல் குழந்தையோடு வந்தவர்கள் அட்டை தேடி எடுக்கும் வரை இரண்டு மணி நேரம் நின்றார்கள். அந்த வசவு இரண்டு தலைவர் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஒரு கட்சிக்காரர் பிடிக்க வேண்டியவரைப் பிடித்து இயந்திரத்துக்கு வழி செய்தார். எதிர்க் கட்சிக்காரர் விடுவாரா, அறைக்கு ஏ.சி. கொண்டுவந்தார். நோயாளிகளின் விவரத்தை இயந்திரத்தில் ஏற்றுவதை எந்தக் காலத்திலும் அரசியலாக்குவதில்லை என்று இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தேசிங்கு சங்கத்தின் கொடி சிவப்பு, சம்பந்தத்தினுடையது பச்சை. புது அட்டைகளிலோ பதிவுகளிலோ எந்தக் கொடியின் நிறமும் இருக்கக் கூடாது.

இயந்திரத்தின் திறப்பு விழாவுக்குச் செய்தியாளனாகப் போனவன் நான். நகரத்தில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து உதவி ஆசிரியர் ஆனவன். எங்கள் பக்கத்துச் செய்தி என்றால் நானே போய்விடுவேன். இரண்டு பத்தி அகலம், 'கட்சி கடந்து வந்த கணினி' என்று தலைப்பு. தலைப்பும் என்னுடையதுதான். 'இனி இங்கே நோயாளிக்கு நிறம் இல்லை' என்று முதல் வரி. பந்தலில் அந்த அறிவிப்புக்குத்தான் பெரிய கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். என் அட்டையும் பழைய அட்டைப் பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அன்றைய காலைக்கு வருகிறேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் முக்கால் மணி நேரம். மரப் பெஞ்சு. எதிரே ஓர் ஆள் தன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாக, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் படத்தை டூட்டி டாக்டர் பார்த்தார். இருபத்தேழு வயது இருக்கும் பெண். "வலது பக்கம் நிமோனியா. நுரையீரல்ல காத்து இருக்க வேண்டிய இடத்துல சளியும் சீழும் அடைச்சிருக்கு. அடியில கொஞ்சம் தண்ணியும் சேர்ந்திருக்கு. உடனே அட்மிட் பண்ணணும்" என்றார். நல்ல டாக்டர் அவர். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். பிறகு வசந்தாவிடம் கேட்டார்: "சுகர் இருக்கா? பி.பி.? ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"அதெல்லாம் இல்லைங்க. ஏதோ ஒரு ஊசி மட்டும் ஒத்துக்காது. அட்டையில எல்லாம் இருக்கு டாக்டர்."

டாக்டர் அட்டையோடு வந்த அச்சுத் தாளைப் புரட்டினார். அதில் ஒவ்வாமை என்ற கட்டத்துக்கு நேரே இல்லை என்று இருந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் இயந்திரம் தானாகவே இல்லை என்று நிரப்பிக்கொள்ளும் என்பதை அப்போது அங்கே அறிந்தவள் புவனா ஒருத்திதான். அதற்குக் கீழே, முன்பு பெற்ற மருந்து: பெனிசிலின்.

"ஒண்ணும் இல்லைம்மா, தெளிவா இருக்கு" என்றார் டாக்டர். வசந்தாவின் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிறு நிம்மதி வந்தது. எழுத்தில் இருக்கிறதே!

ஆறாம் எண் கட்டில். பன்னிரண்டு இருபது. மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். பயிற்சி நர்ஸ் ஒரு தட்டோடு வந்தாள். டாக்டர் அவளிடம், "முன்னாடியே பெனிசிலின் வாங்கினவர்தான். டெஸ்ட் டோஸுக்காக இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டாம், மூச்சு மோசமா இருக்கு. நேரா போட்டுடு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

டெஸ்ட் டோஸ் என்பது முன்கைத் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தைச் செலுத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பது.

தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளைப் பொடி. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தித் தண்ணீர் ஏற்றி, குப்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் குலுக்கினாள். அந்தக் குலுக்கலில்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்னும் அப்படித்தான் குலுக்கினார்கள். அட்டையில் என்ன இல்லை என்பதும் அந்தக் கணத்தில் தெரிந்தது.

பேசப் பார்த்தேன். முகமூடிக்குள் ஆவி படிந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு இருந்தால்தானே பேச்சு. அவள் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். கட்டிலின் கால்மாட்டிலிருந்த அச்சுத் தாளை இழுத்து, பெனிசிலின் என்ற வரியின் மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டேன். இருபது வருடப் பழக்கம். எந்த அச்சகத்திலும் அந்தச் சுழியைப் பார்த்தால் எடுத்துவிடுவார்கள்.

"சார், இது ரெக்கார்டு. கிறுக்கக் கூடாது" என்று தாளைப் பறித்துக்கொண்டாள் நர்ஸ்.

"அவருக்குப் பேப்பர் ஆபீஸ்ல திருத்துற வேலைம்மா. காய்ச்சல்லகூடத் திருத்துறாரு பாரு" என்றாள் வசந்தா. அவள் குரலில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது. "கொஞ்சம் ஆடாம இருங்க. போட்டா சரியாயிடும்" என்று என் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் திமிறினேன். அவள் பிடியை விடவில்லை. எட்டு மணி நேரம் சால்டரிங் செய்கிற கை.

மருந்து உள்ளே போனது. நான்கில் ஒரு பங்கு போயிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள்.

முதலில் உள்ளங்கை அரித்தது. அடுத்து உள்ளங்கால். வாயில் இரும்புச் சுவை. தொண்டைக்குள் எதுவோ வளர்வதுபோல் இருந்தது. வசந்தாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவள் அன்பாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தியது பக்கத்துக் கட்டில்காரர். பெயர் கபாலி. நூம்பலிலிருந்து வந்து எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவர்; இயந்திரத்தில் இரண்டு விரல் நசுங்கி, புண் ஆறாமல் படுத்திருந்தார். "தாயீ! அந்தாளு மூஞ்சியப் பாரு! பூரி கணக்கா ஊதிகினு வருது! ஊசிய இஸ்துடு, இஸ்துடு!"

நர்ஸ் ஊசியை உருவினாள். டாக்டர் ஓடிவந்தது தெரியும். கால்மாட்டை உயர்த்தியது தெரியும். அதன் பிறகு கூரையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது, அதுவும் மேலே மேலே போனது. தொடையில் அட்ரினலின் போட்டார்கள். இறுகிய மூச்சுக்குழலைத் திறந்து, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து. இரண்டு தடவை போட்டதாகக் கேஸ் தாளில் இருக்கிறது. எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

கண் விழித்தபோது மணி மூன்று ஐந்து. வசந்தா என் கையைத் தொடாமல், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான்தானே பிடிச்சேன்" என்றாள்.

அடுத்த இரண்டு நாட்கள் நிமோனியாவுக்குப் பயப்பட எனக்கு நேரமே இல்லை. குப்பிகளுக்குத்தான் பயந்தேன். வேறு வகை மருந்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆனாலும் நர்ஸின் ரப்பர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே உள்ளங்கை அரிக்கும். அது ஒவ்வாமை இல்லை, பயம் என்று டாக்டர் சொன்னார். அரிப்பு என்னவோ ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரு சொட்டு மருந்து இல்லாமலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. தூங்கினால் போட்டுவிடுவார்கள் என்று தூங்காமல் கிடந்தேன்.

வசந்தாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இரண்டாம் நாள் காலையில் புவனாவிடம் போய், பெனிசிலின் என்பதன் முதல் ஆங்கில எழுத்தைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வாங்கி வந்தாள். எந்தக் குப்பி வந்தாலும், "கொஞ்சம் காட்டும்மா" என்று வாங்கி, கையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். அந்த எழுத்தில் தொடங்கினால் மருந்து திரும்பிப் போக வேண்டும். ஒரு வலி மாத்திரை அப்படித் திரும்பிப் போனது. கை கழுவினால் எழுத்து அழியும் என்று அன்றிலிருந்து ஸ்பூனால்தான் சாப்பிட்டாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு, காலையில் மிளகு ரசச் சாதம் எடுத்துக்கொண்டு ஆறரைக்கே வந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் நுரையீரலின் அடியில் சேர்ந்த நீரை எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு; அவற்றுக்கு நடுவில் நீர் கோத்தால் நுரையீரல் விரிய முடியாது. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே நீளமான ஊசியைச் செலுத்துவார்கள். "இருமாதீங்க, மூச்சை இழுக்காதீங்க" என்றார் டாக்டர். மரத்துப்போக வைக்கும் மருந்தை முதலில் போட வேண்டும். அந்தக் குப்பியை நான் மூன்று தடவை படித்தேன். டாக்டர் பொறுத்துக்கொண்டு, மூன்று தடவையும் திருப்பிக் காட்டினார். பிறகு தானும் ஒரு தடவை படித்தார். அவரும் பயந்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

வெளியே வந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. சீழ் இல்லை. நல்ல அறிகுறி என்றார்கள்.

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்குத் தேசிங்கும் சம்பந்தமும் வந்தார்கள். தனித்தனி ஆட்டோவில் வந்து, வாசலில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் ஆப்பிள். இன்னொருவர் கையில் சாத்துக்குடி.

"இன்னா சார், ஷோக்கா கீறீங்களா?" என்றார் தேசிங்கு. "கேட்டதுலருந்து மனசே சரியில்ல."

"ஆப்பிள்கூட சிவப்பாத்தான் வாங்கியாருவியா நீ?" என்றார் சம்பந்தம்.

"உன் சாத்துக்குடி மட்டும் இன்னா கலர்? பச்சைதானே? பேஷண்டாண்ட வந்து அரசியல் பேசாதய்யா."

கபாலி தன் கட்டிலிலிருந்து, "ரெண்டையும் இப்படித் தள்ளுங்க அண்ணாத்தே. எனக்குக் கட்சி கிடையாது" என்றார். வார்டே சிரித்தது. எனக்குச் சிரித்தால் விலா குத்தும்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "சார், இது எப்படி ஆச்சுன்னு விசாரிச்சோம். அந்த நிற ஒப்பந்தம் ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதுதான். மறுக்கல. ஆனா நீங்க பேப்பர்ல எழுதினா, கம்ப்யூட்டர் ஊசி போட்டுக் கொன்னுச்சுன்னுதான் ஜனங்க படிப்பாங்க. திருவள்ளூர் பக்கம் இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி இதையே கேட்டுட்டு இருக்காங்க. எல்லாம் நின்னுடும்."

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு கேக்குறது இதான் சார் மொதோ தபா" என்றார் தேசிங்கு. "ரெண்டாந் தபா" என்று சம்பந்தம் திருத்தினார்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. இயந்திரம் தன்னிடம் சொன்னதைத்தான் வைத்திருந்தது. புவனா அட்டையில் எழுதியிருந்ததைத்தான் அடித்தாள்; ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பேச இன்னும் மூச்சு போதவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. "எழுதறது இருக்கட்டும். என்னை மாதிரி எத்தனை பேர்?"

தேசிங்கு ஆப்பிளைக் கபாலியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பழைய அட்டைங்க எங்கே?" என்றாள் வசந்தா.

எடைக்குப் போட்டாயிற்று. பட்டாபிராம் பழைய பேப்பர்க் கடைக்கு, விழா முடிந்த மறுவாரமே. அன்று மாலையே அவள் ரயிலேறிப் போய்க் கேட்டாள். அவை அப்போதே மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு லாரி ஏறிவிட்டன என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கபாலியின் கட்டிலுக்குத் தட்டு வந்தது. புண் ஆறவில்லை, மருந்து மாற்ற வேண்டும். குப்பியை வசந்தாவுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன், பெனிசிலின்.

"கபாலி, உங்க பழைய அட்டை மூலையில சிவப்பு இருந்துதா?"

"யாருக்குத் தெரியும் சார்? அட்டைய நான் எங்க பாத்தேன். வருவேன், பேரு சொல்லுவேன், அவங்களே எடுப்பாங்க, வெப்பாங்க. அல்லாம் சிஸ்டருக்குத்தான் தெரியும்."

"முன்னாடி ஏதாவது ஊசி போட்டு மயக்கம், தடிப்பு?"

"சின்ன வயசுல ஒரு தபா வுழுந்தேன்னு எங்கம்மா சொல்லும். ஊசியாலயா, ஊசியப் பாத்தா, தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா சார், அப்டிப் பாக்குற?"

டாக்டர் அவருடைய அச்சுத் தாளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார். "டெஸ்ட் டோஸ்" என்றார். அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தட்டில் தயாராக வைக்கச் சொன்னார்.

முன்கையில் ஒரு துளி போட்டு, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் வரைந்தார்கள். இருபது நிமிடம். வசந்தா கபாலியின் கட்டில் அருகே போய் நின்றாள். அவர் கையைப் பிடிக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அந்த வட்டத்தைத்தான் பார்த்தேன். எட்டாவது நிமிடம் போல் உள்ளே சிவந்ததாகத் தோன்றியது. "சிவக்குது" என்றேன். டாக்டர் குனிந்து பார்த்தார். பேனா மை வியர்வையில் கசிந்திருந்தது. கபாலியின் நெற்றியெல்லாம் வியர்வை. "ஊட்டாண்ட சொல்லி அனுப்பலாமா சார்?" என்று மெல்லக் கேட்டார். பத்து. பதினைந்து. இருபதாவது நிமிடம் தோல் அப்படியே இருந்தது. மருந்தைப் போட்டார்கள். அவருக்கு எதுவும் ஆகவில்லை. பகலெல்லாம் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

அன்று பிற்பகல் எஸ்தர் சிஸ்டர் வந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவரைப் பிரசவ வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்; எனக்கு நடந்தது அன்றுதான் காதுக்கு எட்டியதாம். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலில் உட்காரவில்லை.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றார்.

ஒப்பந்தம் ஆன மறுநாள், அட்டைகளைப் புவனாவிடம் அனுப்புவதற்கு முன், நிற மூலைகளை அகற்றும்படி உத்தரவு வந்திருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து. "சிவப்பு எதுக்குன்னு நான் போய்ச் சொன்னேன் சார், ரெண்டு பேர்கிட்டயும். 'அதெல்லாம் கம்ப்யூட்டர்ல கீது சிஸ்டர்'னு அவர் சொன்னார். 'கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா'ன்னு இவர் சொன்னார். அதுல இருக்குதுன்னுதான் நானும் நெனச்சேன். அதுக்குள்ள எப்படிப் போகும்னு எனக்கு என்ன தெரியும்?"

கத்தரிக்கோலால் ஒவ்வொரு மூலையாக வெட்டியிருக்கிறார். துணி பிரியவில்லை, அட்டையோடு சேர்த்தே வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் போர்வையின் மேல் கவிழ்த்தார். சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒரு பக்கம் சிவப்பு, திருப்பினால் வெறும் அட்டை. சிலவற்றின் துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. இதில் என்னுடையது எது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வசந்தா அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினாள்.

அதற்கடுத்த ஐந்து நாட்களும் டூட்டி முடிந்ததும் சிஸ்டர் ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். புவனாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக நினைவிலிருந்து எடுத்தார். கள்ளிக்குப்பம் வேலம்மா, பையனுக்கு. லேத் போடுகிற காசிம் பாய். பெயர் வரவில்லை, கொரட்டூர், இடது காலில் தழும்பு. புவனா ஒவ்வொருவர் தாளையும் திரையில் வரவழைத்து, இல்லை என்றிருந்த இடத்தை மாற்றினாள். வார்டு வாசலில் சிவப்பு அட்டைக்காரர்கள் வந்து சொல்லும்படி பலகை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சிவப்பு என்று பலகையில் எழுதுவது பற்றிக் குழு இரண்டு முறை கூடியது. தங்கள் அட்டை சிவப்பு என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கபாலி கேட்டார்.

பதினோராம் நாள் காலை பதினொன்றே காலுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது அச்சுத் தாளில் பெனிசிலின் கூடாது என்று இருந்தது. வசந்தா தன் உள்ளங்கை எழுத்தை அதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

உறையில் இருந்த சிவப்பு மூலைகள் நாற்பத்தொன்று. அன்று காலை வரை சிஸ்டர் நினைவிலிருந்து சொல்லிப் புவனா பதிந்த பெயர்கள், என்னுடையதையும் சேர்த்து, பத்தொன்பது.